கறுத்த தோல் இருக்கும்போது புற ஊதாக் கதிருக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும்?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: அவருடைய தாத்தா பாட்டி எல்லாரும் திருவாரூர் பக்கம் வயலே கதி என்று கிடந்தவர்கள். ஒருவருக்கும் தோலில் புற்றுநோய் வந்ததில்லை. அப்படியிருக்க இந்தப் புற ஊதாப் பேச்செல்லாம் வெள்ளைக்காரர்களுக்கானதா, நம்மிடம் கிரீம் விற்கும் தந்திரமா?

பாதி சரியாகவே கேட்டிருக்கிறார். மீதிப் பாதியை நான் என் அம்மாவின் வலது கண்ணிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கும்பகோணத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, பவர் பார்க்கப் படித்தவன், அவ்வளவுதான். சொந்த ஊர் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே. அம்மா பதினான்கு வயதில் நடவுக்கு இறங்கியவர். ஆண்டுக்கு ஒருமுறை கடைக்கு அழைத்து வந்து அவருக்குப் பவர் பார்ப்பேன். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வலது கண்ணில் சிலிண்டர் பவர், அதாவது கருவிழி வளைவின் கோணலைச் சரிசெய்யும் பவர், ஏறிக்கொண்டே போனது. மூன்று முறையும் புது லென்ஸ் போட்டுக் கொடுத்தேனே தவிர, ஏன் ஏறுகிறது என்று குனிந்து பார்க்கவில்லை. மூக்குப் பக்கத்து வெள்ளை விழியிலிருந்து முக்கோணமாக ஒரு சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறி, அதன் வளைவையே இழுத்துக் கோணலாக்கியிருந்தது. ஊரில் இதைக் ‘கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது’ என்பார்கள். அடுத்தவர் கண்ணில் இருந்தால் வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவேன். அம்மா என்பதால் முகத்தைப் பார்த்தேன், கண்ணைப் பார்க்கவில்லை.

அந்தச் சதைக்குத் தூசியும் காற்றும் துணை போகின்றன என்றாலும் பெரிய காரணம் புற ஊதாக் கதிர்தான். பக்கவாட்டிலிருந்து கண்ணில் விழும் ஒளியைக் கருவிழியின் வளைவு ஒரு பூதக்கண்ணாடி மாதிரி குவித்து எதிர்ப்புறத்தில், அதாவது மூக்கோரத்தில், கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சதை பெரும்பாலும் அந்த ஓரத்திலேயே முளைப்பதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நாம் வெயிலைச் சூட்டால் அளக்கிறோம். ‘இன்று வெயில் இல்லை, மந்தாரமாக இருக்கிறது’ என்று தலைத்துண்டை எடுத்துவிடுகிறோம். சூடும் புற ஊதாவும் ஒளியின் இரண்டு எதிர் முனைகள். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தில் பிரிந்த நிறங்களில் சிவப்புக்கு வெளியே வெப்பமானியை வைத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அந்த இடத்தில் சூடு ஏறியது. மறு ஆண்டு ஜெர்மனியில் யோகான் ரிட்டர் எதிர்ப்பக்கத்தில், ஊதாவுக்கு அப்பால், வெள்ளி குளோரைடைக் காட்டினார். அது சீக்கிரம் கறுத்துப்போனது. அந்தக் கறுக்க வைப்பதுதான் புற ஊதா. சூட்டை உடம்பு உடனே சொல்லிவிடும். இதை உணர நமக்குப் புலன் கிடையாது. மெல்லிய மேகமாக இருந்தால் புற ஊதாவில் 80 சதவீதம் வரை ஊடுருவி வந்துவிடும். மேகம் தடுப்பது பெரும்பாலும் சூட்டைத்தான். மந்தார நாள் நம்மை ஏமாற்றுவது இப்படித்தான்.

டெல்டாக்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வடக்கில் இருப்பதால், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டில் இரண்டு முறை: சித்திரை முதல் வாரத்தில் ஒன்று, ஆவணி இரண்டாம் வாரத்தில் ஒன்று. சித்திரையில் வயல் வெறும் தரிசு. ஆளும் நிழலில் ஒதுங்கிவிடுவார். ஆவணி அப்படியா? சம்பாவுக்கு நாற்றங்கால் வேலையும் நடவும் சூடு பிடிக்கும் காலம். மாலையில் மழை, காற்றில் ஈரம், சித்திரையோடு ஒப்பிட்டால் சுகமான வெயில். ஆனால் புற ஊதாவின் பலத்தைச் சொல்லும் குறியீட்டெண் 11ஐ எட்டினாலே ‘மிகக் கடுமை’ என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; ஆவணியில் வானம் தெளிந்த நண்பகலில் நாம் அதைச் சாதாரணமாகத் தாண்டுகிறோம். வெப்ப மண்டலத்தின் மேல், புற ஊதாவை வடிகட்டும் ஓசோன் இயல்பாகவே மெல்லியதாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம்.

கருவி எதுவும் வேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா பலமாக இருக்கிறது. ஆவணியில் அது ஏறத்தாழ காலை ஒன்பதேகாலிலிருந்து பிற்பகல் மூன்றேகால் வரை. மார்கழியில்கூட நம் ஊர் நண்பகல் நிழல் ஆளைவிடக் குட்டைதான்.

‘வயல் தண்ணீர் எதிரடிப்பதால்தான் கண் கெடுகிறது’ என்று பலர் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. சூரியன் உச்சியில் நிற்கும்போது தண்ணீர் திருப்பி அனுப்பும் புற ஊதா பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கடல் நுரை கால் பங்கு வரை திருப்பும். வேதாரண்யம் பக்கம் அகத்தியம்பள்ளி உப்பளங்களில் வெள்ளைப் பாத்தி நடுவே நிற்பவர்களின் நிலை வேறு. வயலில் உண்மையான சிக்கல் வானம். புற ஊதா காற்றில் சிதறுவதால், அதில் பெரும்பங்கு நேரே சூரியனிலிருந்து வராமல் நீல வானத்தின் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. வரப்போரத் தென்னை நிழல் சூட்டைத் தணிக்கும், இதை அரைகுறையாகத்தான் தடுக்கும்.

சரி, தோல். கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறமி செய்யும் செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் தோலில் அவை செய்யும் நிறமித் துகள்கள் பெரியவை, செல்களுக்குள் நன்றாகப் பரவி நிற்பவை. செல்லின் கருவுக்கு மேலே குடை பிடித்த மாதிரி உட்கார்ந்துகொள்கின்றன. தரைக்கு வரும் புற ஊதாவில் ஏ, பி என்று இரண்டு வகை. பி வகை, மரபணுவில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒட்டவைத்துப் பிழை உண்டாக்கும். அந்தக் குடை அதைப் பெருமளவு தடுக்கிறது. அதனால்தான் உங்கள் தாத்தா பாட்டிக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் தரையை எட்டும் புற ஊதாவில் 95 சதவீதம் ஏ வகை. அது ஆழமாக இறங்கித் தோலைத் தாங்கும் நாரை நைக்கிறது, ஜன்னல் கண்ணாடியையும் தாண்டுகிறது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் ஜன்னலோரக் கன்னம் மட்டும் இருபது வயது கூடியதுபோல் தொங்கிப்போன படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அவர்களுக்கு இடது பக்கம். நம் ஓட்டுநர்களுக்கு வலது பக்கம்.

நம்மவர்களிடம் இது சுருக்கத்தைவிட மங்காகத்தான் முதலில் தெரியும். கன்னத்தில் மங்கு விழுந்ததும் மருந்துக்கடையில் போய் ‘வெள்ளையாகிற கிரீம்’ கேட்கிறார்கள். ஸ்டீராய்டு கலந்த டியூபைச் சீட்டு இல்லாமலே நீட்டுகிறார்கள். இரண்டு வாரம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரியும். என் கடைக்கு வரும் பெண்களில் இப்படி முகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

நாட்டு மருந்து என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கார்போகரிசி நம் குளியல் பொடியிலும் உண்டு, வெண்படைக்குப் பூசுவதிலும் உண்டு. அதில் இருக்கும் சோராலென் என்ற பொருள் தோலை ஏ வகைக் கதிருக்குப் பல மடங்கு கூச வைக்கும். வெண்படை சிகிச்சையில் அதே குணத்தை டாக்டர்கள் அளந்து பயன்படுத்துகிறார்கள். தானாக அரைத்துப் பூசிக்கொண்டு மாடியில் வெயில் காய்ந்தால் கொப்புளம்தான். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெளியே போவதும் இதே வகை. எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் வெயிலில் கவனம் வேண்டும்.

புற்றுநோய் பற்றி ஒரே ஒரு சேர்க்கை. கறுத்த தோலில் அரிதாக வரும் கரும்புற்று (மெலனோமா) பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. வெறுங்காலில் சேற்றில் நிற்பவர்கள் அதைச் சேற்றுப்புண் என்று விட்டுவிடக்கூடும். ஆறாத, கறுத்துப் பரவும் புண் காலில் இருந்தால் சன்ஸ்கிரீன் பற்றிய விவாதத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. திருபுவனத்திலிருந்து ஒரு பட்டு நெசவாளர் கண்ணாடி மாற்ற வருவார். விடிந்ததிலிருந்து தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் இருட்டிய பிறகே எழுவார். இடுப்பெலும்பு வலி என்று போனவருக்கு ரத்தத்தில் வைட்டமின் டி மிகக் குறைவு என்று சொல்லி, வாரத்துக்கு ஒரு பொடி எழுதிக் கொடுத்திருந்தார்கள். பி வகைக் கதிர் தோலில் விழுந்தால்தான் அந்த வைட்டமின் உருவாகத் தொடங்கும். பின் கல்லீரலும் சிறுநீரகமும் அதை முடித்துக் கொடுக்கும். ‘இளவெயிலில் நில்’ என்று எல்லாரும் சொல்வது இந்த விஷயத்தில் அவ்வளவு பலிக்காது. சாய்ந்த வெயிலில் பி வகை மிகக் குறைவு. சாப்பாட்டு நேரத்தில் கையையும் காலையும் கொஞ்ச நேரம் வெளியே காட்டிவிட்டு உள்ளே போகச் சொன்னேன். முகத்தை விட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன்.

சன்ஸ்கிரீன் தந்திரமா என்றால், முகத்தில் மங்கு இருப்பவருக்குத் தந்திரமில்லை. நாள் முழுக்க வேர்வையில் நனைந்து நடவு நடுபவருக்கு அதைச் சொல்வது எனக்கே சிரிப்பாக இருக்கும். அவர்கள் புடவை மேல் போட்டுக்கொள்ளும் பழைய முழுக்கைச் சட்டை, நெருக்கமாக நெய்ததாகவும் அடர் நிறமாகவும் இருந்தால் எந்தக் கிரீமுக்கும் குறைவில்லை. வெளுத்து மெலிந்த பருத்தி நனைந்துவிட்டால் காவல் குறையும். அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உதட்டுக்கும் கண்ணுக்கும்தான் சட்டை கிடையாது. கீழுதடு ஆண்டுக்கணக்காகக் காய்ந்து வெடித்துச் செதில் படிந்து இருந்தால், வெற்றிலைச் சுண்ணாம்பைத் திட்டுவதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கண்புரையிலும் ஒரு பங்கு புற ஊதாவால் வருவதுதான்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை ஆனது. வெறுமனே வெட்டி எடுத்தால் சதை மறுபடி வளரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அதே கண்ணின் மேற்பகுதிச் சவ்வைச் சிறிது எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். பிறகு ஒரு நல்ல கறுப்புக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். திருவிழாக் கடையில் விற்பது மாதிரி நிறம் மட்டும் உள்ளது இல்லை. அவற்றில் சில, புற ஊதாவைத் தடுக்காமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும், பாப்பா விரிந்து கூடுதல் கதிரை உள்ளே விடும். நான் கொடுத்தது 400 நானோமீட்டர் அலைநீளம் வரை, அதாவது புற ஊதா முழுவதையும், தடுப்பது, கடையில் மீட்டரில் வைத்துச் சோதித்தது. அம்மா அதை மூன்று நாள் போட்டார். வரப்பில் பார்க்கிறவர்கள் எல்லாம் “என்ன அக்கா, புரை ஆபரேஷனா?” என்று கேட்கிறார்களாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். களை எடுக்கும்போது புல் எது, பயிர் எது என்று பச்சை பிரிந்து தெரியவில்லை என்றார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வேலை பார்த்திருக்கிறார்.

இத்தனை ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. புற ஊதாவைத் தடுக்க லென்ஸ் கறுப்பாக இருக்கவே வேண்டியதில்லை. தண்ணீர் மாதிரி தெளிந்த பாலிகார்பனேட்டே போதும். பக்கவாட்டு ஒளியையும் மறைக்கிற மாதிரி முகத்தை ஒட்டி வளைந்த ஃபிரேமில் நிறமில்லாத லென்ஸ் போட்டுக் கொடுத்தேன். இப்போது தலைத்துண்டுக்குக் கீழே அதுதான் இருக்கிறது. வரப்பில் யாரும் எதுவும் கேட்பதில்லை.