வளர்ச்சி வந்தால் வாக்குரிமை வருமா? – கேள்வி பதில்

சேலத்து வாசகர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு, ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் பதிலளிக்கிறார்.

அம்மாபேட்டை நெசவாளர்: நாடு செழித்தால் சர்வாதிகாரம் தானாகவே விலகிவிடுமா, ஐயா?

அது பழைய நம்பிக்கை. செல்வமும் மக்களாட்சியும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன என்று அமெரிக்க சமூகவியலாளர் லிப்செட் 1959இல் எழுதினார். வருமானம் உயர்வதால் சர்வாதிகாரம் சாய்வதில்லை என்றும், வேறு காரணத்தால் பிறந்த மக்களாட்சி வசதியான நாட்டில் எளிதில் கவிழ்வதில்லை என்றும் 1997இல் அரசியல் அறிவியலாளர்கள் ஷெவோர்ஸ்கியும் லிமோங்கியும் பிரித்துக் காட்டினர். வருமானம் உயர்வதால் சர்வாதிகாரம் சாய்வதில்லை என்பதை, 2003இல் அதே துறையைச் சேர்ந்த போயிக்ஸும் ஸ்டோக்ஸும் மறுத்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஏற்காடு கல்லூரி மாணவி: தென்கொரியா வளர்ந்த பிறகுதானே அங்கே மக்களாட்சி வந்தது?

வளர்ந்த பிறகு வந்தது, அம்மா. ஆனால் கேட்காமல் வரவில்லை. 1961இல் ராணுவத்தின் துணையோடு ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீயின் காலத்தில் ஏற்றுமதி பெருகியது. கிராமத்துப் பெண்கள் ஆலைகளில் ஆயிரக்கணக்கில் கூடினர். 1979 ஆகஸ்டில், விக் ஏற்றுமதி செய்த ஒய்.எச். நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள், ஆலை மூடப்படுவதை எதிர்த்து எதிர்க்கட்சித் தலைமையகத்தில் சென்று அமர்ந்தனர். காவல் துறை புகுந்து இழுத்துச் சென்றபோது ஒரு பெண் உயிரிழந்தார். எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங் சாம் அக்டோபரில் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். பூசானிலும் மாசானிலும் மக்கள் தெருவுக்கு வந்தனர். அம்மாதம் 26ஆம் தேதி பார்க்கை அவருடைய உளவுத் துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். அப்போதும் மக்களாட்சி வரவில்லை. 1980 மே மாதம் குவாங்ஜுவில் ராணுவம் மக்களைச் சுட்டது. 1987 ஜூனில் மாணவர்களோடு அலுவலக ஊழியர்களும் தெருவில் இறங்கிய பிறகே ஆட்சியாளர்கள் நேரடி அதிபர் தேர்தலுக்கு இணங்கினர்.

நம் மலையில் ஒரு தோட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காப்பிப் பழத்தின் எடை குறைகிறது என்று ஒருத்தி சொன்னபோது மேஸ்திரி காதில் வாங்கவில்லை. பன்னிரண்டு பெண்கள் கூடையை இறக்காமல் நின்றபோதுதான் தராசின் முள்ளைச் சரிசெய்தார். வளர்ச்சி ஆட்களை ஓரிடத்தில் சேர்க்கிறது. கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை உரிமையாளர்: சிங்கப்பூர் போல நமக்கும் பத்து ஆண்டு கண்டிப்பான ஆட்சி வேண்டாமா?

வென்ற நாட்டை மட்டும் எண்ணாதீர்கள். ஆப்பிரிக்காவில் ஜயரை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஆண்ட சர்வாதிகாரி மொபுட்டுவிடம் கண்டிப்புக்குக் குறைவில்லை. 1965 முதல் 1997 வரை ஆண்டு அந்நாட்டைச் சீரழித்தார்.

அதே வாசகர்: நெருக்கடி நிலையில் ரயில்கள் நேரத்திற்கு வந்தனவே?

அந்த 21 மாதங்களில் விசாரணையின்றி எத்தனை பேர் சிறையில் கிடந்தனர் என்பதையும் அதே கணக்கில் எழுதுங்கள். பத்திரிகைத் தணிக்கை இருந்த காலத்தில், தாமதமாக வந்த ரயிலைப் பற்றி யார் எழுதியிருக்க முடியும்? 1959 முதல் 1961 வரை சீனாவில் கோடிக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தபோது, அதிகாரிகள் பயந்து பொய் விளைச்சலையே மேலே எழுதி அனுப்பினர். கண்டிப்பான ஆட்சிக்கு உண்மை போய்ச் சேர்வதில்லை என்பதே என் முதன்மையான அச்சம்.

ஓமலூர் வாசகர்: பத்து ஆண்டு வேண்டாம், ஐந்து ஆண்டு கண்டிப்பு போதாதா?

மேலே சொல்லிவிட்டேன். ஐந்து ஆண்டு முடிந்ததும் அந்த ஆட்சியாளரை யார் இறக்குவார்?

ஆத்தூர் வாசகர்: சவூதி அரேபியா பணக்கார நாடாயிற்றே?

எண்ணெய் வருவாயில் நடக்கும் அரசு, வரிக்காகக் குடிமக்களை நாட வேண்டியதில்லை; அதனால் அவர்களுக்குக் கணக்குச் சொல்லும் நெருக்கடியும் அதற்குக் குறைவு.

அஸ்தம்பட்டி வாசகர்: சீனப் பங்குகளில் முதலீடு செய்யலாமா?

என் துறையன்று, முதலீட்டு ஆலோசகரைக் கேளுங்கள்.

ஏற்காடு மாணவி, மீண்டும்: அப்படியானால் சீனா மாறுமா, ஐயா?

அங்கே தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 12,000 டாலரைக் கடந்துவிட்டது. ஆனால் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பிடியிலுள்ள அனைத்துச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கு வெளியே தொழிலாளர்கள் சங்கம் தொடங்க இயலாது. வருமானத்தைவிட அந்தத் தடையையே நான் கவனித்து வருகிறேன்.