செங்கமலதாசரின் கதையை எழுதுங்கள். ஆனால் அவரை நாயகனாக்காதீர்கள்

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக அரண்மனைச் சூழ்ச்சியை மையமாகக் கொண்ட வரலாற்றுச் சாகச நாவல் ஒன்றை எழுதப்போவதாகவும், சோழர் காலத்தைப் பலரும் எழுதித் தீர்த்துவிட்டதால் வேறு எதை எடுக்கலாம் என்றும், பெரியவர்களின் சதியை அந்த வயதினருக்குப் பிடிபடும்படி எப்படி அமைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தஞ்சை நாயக்கர் ஆட்சி 1673 ஆம் ஆண்டில் வீழ்ந்ததையும் அதைத் தொடர்ந்த இரண்டு, மூன்று ஆண்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். பதிப்பகங்களுக்காக இளையோர் நாவல்களின் கையெழுத்துப் படிகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. இந்தக் காலத்தை எடுத்தாண்ட படி எதுவும் இதுவரை என் கைக்கு வரவில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதுரையை ஆண்ட சொக்கநாத நாயக்கர் தஞ்சை விசயராகவ நாயக்கரின் மகளைப் பெண் கேட்டு ஆளனுப்பினார், விசயராகவர் மறுத்துவிட்டார். பெண் கேட்டது காரணமா, சாக்கா என்பது வேறு விஷயம். மதுரைப் படை தஞ்சைக் கோட்டையை வளைத்துக்கொண்டது. முதுமை எய்தியிருந்த விசயராகவர், தாமே சிறையில் அடைத்து வைத்திருந்த மகன் மன்னாருதாசரை விடுவித்து, இருவருமாகப் போரிட்டு மடிந்தார்கள். அந்தப்புரப் பெண்கள் பகைவர் கையில் சிக்கக் கூடாது என்று அரசர் ஆணையிட்டதால் அந்தப்புரம் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டதாகச் சொல்வார்கள். அந்த அழிவிலிருந்து ஒரே ஒரு குழந்தை மட்டும் தப்பியது. அரச குடும்பத்துச் சிறுவனான செங்கமலதாசரைச் செவிலித்தாய் ஒருத்தி வெளியே கொண்டுசென்று நாகப்பட்டினத்தில் சேர்த்தாள். அங்கே வணிகர் ஒருவர் தம் வீட்டில் வைத்து வளர்த்தார்.

இதற்கு மேல்தான் உங்களுக்கு வேண்டிய கதை தொடங்குகிறது. சொக்கநாதர் தம்முடன் வளர்ந்த அழகிரி என்பவரைத் தஞ்சைக்கு ஆளுநராக அமர்த்தினார். அழகிரியோ சிறிது காலத்திலேயே மதுரைக்கு அடங்காமல் தன் விருப்பப்படி நடக்கத் தலைப்பட்டார். பழைய தஞ்சை அரசில் ராயசம் பார்த்த, அதாவது அரசருக்கு ஓலை எழுதும் பொறுப்பிலிருந்த வெங்கண்ணா என்பவர், செங்கமலதாசர் உயிரோடு இருப்பதை அறிந்து, அவருக்காகத் தக்காணத்தில் இருந்த பிசப்பூர் (பீஜப்பூர்) சுல்தானிடம் உதவி கேட்டுச் சென்றார். பிசப்பூர் அரசு தன் தளபதி ஏகோஜியை அனுப்பியது. இவர் சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. ஏகோஜி அழகிரியை அய்யம்பேட்டையில் வென்று, செங்கமலதாசரை அரியணையில் அமர்த்தினார். வழக்கமான கதை இங்கே சுபமாக முடிந்துவிடும். ஆனால் வெங்கண்ணா எதிர்பார்த்த தளவாய்ப் பதவி, அதாவது படைத்தலைவர் பொறுப்பு, சிறுவனை வளர்த்த அந்த நாகப்பட்டினத்து வணிகருக்குப் போய்விட்டது. மனம் கசந்த வெங்கண்ணா ஏகோஜியிடம் போய், தஞ்சையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று தூண்டினார். இன்னொரு பக்கம், ஏகோஜி வருகிறார் என்ற அச்சத்தை அரண்மனைக்குள் பரப்பினார். செங்கமலதாசர் ஊரைவிட்டே ஓடினார். ஏகோஜி தஞ்சையைத் தமதாக்கிக்கொண்டார்.

ஆக, சிறுவனைத் தேடிக் கண்டுபிடித்து அரசனாக்கியவரே அவனை வீழ்த்தவும் செய்கிறார். இளையோர் நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான சூழ்ச்சிக்காரர் கிடைப்பது அரிது. என் கைக்கு வரும் படிகளில் பெரும்பாலானவற்றில் வில்லன் முதல் அத்தியாயத்திலேயே கண்ணைச் சுருக்கி, மீசையை முறுக்கி, தன்னை அடையாளம் காட்டிவிடுகிறான். பதினான்கு வயது வாசகருக்கு அது சலிப்பையே தரும். யார் கெட்டவர் என்று கண்டுபிடிக்கும் வேலையைக்கூட அவரிடம் விட்டுவைக்கவில்லை அல்லவா? வெங்கண்ணாவை நீங்கள் வேறு விதமாக எழுதலாம். நாவலின் முதல் பாதி முழுவதும் வாசகர் அவரை நேசிக்க வேண்டும். எல்லாம் இழந்துபோன பிறகும் பழைய எசமானரின் குடும்பத்தை மறக்காதவர், தம் சொந்தச் செலவில் அலைபவர், பிள்ளைகளிடம் அன்பாகப் பேசுபவர், கூர்மையானவர் என்றே அவர் தோன்ற வேண்டும். இவை எதுவும் நடிப்பாகவும் இருக்கக் கூடாது. பதவி கைநழுவிய அன்று அவர் ஒரே இரவில் அரக்கராக மாறிவிடவும் கூடாது. தம் உழைப்புக்கு உரிய கூலி மறுக்கப்பட்டது என்ற உணர்வு, ஒரு நியாயமான புகாராகத் தொடங்கி, அரசையே கவிழ்க்கும் இடத்துக்குப் படிப்படியாக நகர்வதை வாசகர் பார்க்க வேண்டும். தனக்கு வரவேண்டிய இடம் வேறொருவருக்குப் போன அனுபவம் அந்த வயதில் எல்லாருக்கும் உண்டு. ஆகவே, அரண்மனை அரசியல் புரியுமோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி நாயகன் பற்றி. செங்கமலதாசரை நாயகனாக்கும் ஆசை உங்களுக்கு வரும்; விட்டுவிடுங்கள். ஒன்று, அவர் மிகச் சிறியவர். இரண்டு, இந்தக் கதையில் அவர் தாமாக எதையும் செய்வதில்லை. தூக்கிச் செல்லப்படுகிறார், வளர்க்கப்படுகிறார், அமர்த்தப்படுகிறார், கடைசியில் பயமுறுத்தப்படுகிறார். அவரைப் பதினைந்து வயது வாள்வீரராக மாற்றினால், சூழ்ச்சியின் அடிப்படையே ஆடிப்போகும். எல்லாரும் அவரைப் பயன்படுத்திக்கொள்ள முடிந்ததே அவர் குழந்தை என்பதால்தான். நானாக இருந்தால், அந்த வணிகர் வீட்டில் பதினான்கு வயது மகள் ஒருத்தியைக் கற்பனையாகச் சேர்ப்பேன். ஒரு நாள் திடீரென்று வீட்டுக்கு வந்த அந்தச் சிறுவன் யார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு அவன் அவளுக்குத் தம்பி ஆகிவிடுகிறான். அதன் பிறகே அவன் அரசன் என்று தெரிகிறது. அவளுடைய தகப்பனாருக்குத் தளவாய்ப் பதவி வருவதில் அவளுக்குப் பெருமை இருக்கும்; அந்தப் பதவிதான் தம்பியின் அரசைக் குடிக்கப்போகிறது என்பது அவளுக்கு முன்பாக வாசகருக்குத் தெரிந்துவிடும்.

நாகப்பட்டினம் அவளுக்கு வேறொரு வசதியையும் தருகிறது. 1658 ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அந்தத் துறைமுகத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். அதாவது, மதுரைக்காரர்கள் நினைத்தபோதெல்லாம் படையோடு நுழைந்து தேட முடியாத ஊரில்தான் இளவரசன் ஒளிந்திருக்கிறான். கொடி மாறிய பிறகும் கடற்கரை வணிகத்தில் போர்த்துக்கீசிய மொழி வழங்கியது. வீட்டில் தமிழும், தஞ்சை அரசவையில் தெலுங்கும், ஏகோஜியின் பாளையத்தில் மராத்தியும், பிசப்பூரில் பாரசீகமும் தக்காணி உருதுவும் புழங்கிய காலம் அது. துறைமுகத்தில் வளர்ந்த பெண் நான்கு மொழிகளை அரைகுறையாகவேனும் அறிந்திருப்பாள் என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. வாள் பிடிக்கத் தெரியாத ஒருத்தி பெரியவர்களின் பேச்சுக்குள் நுழைய இதைவிட நல்ல வழி கிடையாது.

அடுத்து, இரகசியம் எப்படி வெளிப்படுகிறது என்பது. நாயகன் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்க, சதிகாரர்கள் இருவர் சரியாக அதே தூணருகில் வந்து நின்று முழுத் திட்டத்தையும் ஆதியோடந்தமாக ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வதைத் தயவுசெய்து எழுதாதீர்கள். எழுத்து, கணக்கு, சமையல், காவல் ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பவர்கள் வழியாகத்தான் அரண்மனை இரகசியங்கள் கசிந்தன. வணிகர் மகளுக்குப் பேரேடு படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவிலியோடு வந்த நகைகளில் ஒன்று யாருக்கும் தெரியாமல் விற்கப்பட்டிருப்பதை அவள் கணக்கில் கண்டுபிடிக்கலாம். இல்லாத விருந்தாளிகளுக்கு நெல் அளக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம்.

ஓலையே உங்களுக்கு ஒரு சாகசக் கருவி. எழுத்தாணியால் கீறிய எழுத்து, விளக்குக் கரியைத் தடவித் துடைத்த பிறகே பளிச்சென்று தெரியும். கரி தடவாத ஓலையைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வெற்றோலை போலவே இருக்கும். காவலர்கள் மூட்டையைக் குடையும்போது எழுதாத ஓலைகளின் கட்டுக்குள் எழுதிய ஒன்று கலந்து கிடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஓலை எழுதுவோர் ஓலையை இடக்கையில் பிடித்து, எழுத்தாணியை இடக்கைக் கட்டைவிரலில் அண்டக் கொடுத்து நகர்த்துவார்கள். அதற்காக அந்தக் கட்டைவிரல் நகத்தில் சிறு பள்ளம் வெட்டிக்கொள்வதும் உண்டு. வெங்கண்ணா முதன்முதலில் நாகப்பட்டினத்து வீட்டுத் திண்ணைக்கு வருவதாக ஒரு காட்சி அமையுங்கள். காவி உடுத்தி, தலயாத்திரை போகிறவர் என்று சொல்லிக்கொண்டு, தண்ணீர் கேட்கிறார். அந்தப் பெண் செம்பை நீட்டுகிறாள். அவர் இரு கைகளாலும் வாங்குகிறார்; இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் பள்ளம் இருக்கிறது. யாத்திரிகர் இல்லை, ராயசக்காரர் என்று அவள் உணர்ந்துகொள்கிறாள். அந்த ஓர் இடத்திலேயே அவள் கூர்மையும் அவர் தந்திரமும் வாசகருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் தனியாக விளக்க வேண்டியிராது.

பிசப்பூர் பயணத்தைப் பல எழுத்தாளர்கள் இரண்டு பக்கத்தில் கடந்துவிடுவார்கள். நீங்கள் அங்கே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாம் அலி ஆதில்ஷா 1672 ஆம் ஆண்டில் இறந்துபோய், அவர் மகன் சிக்கந்தர் அரியணை ஏறியிருந்தார். சிக்கந்தர் பிறந்தது 1668 ஆம் ஆண்டு. அரசை இழந்த ஒரு குழந்தைக்காக உதவி கேட்டுப் போகிற இடத்தில், அரியணையில் இருப்பவரும் ஒரு குழந்தை! உண்மையான அதிகாரம் முதலில் கவாசுகான் கையிலும், 1675 ஆம் ஆண்டுக்குப் பின் பகலூல்கான் கையிலும் இருந்தது. அந்தப் பெண்ணை எப்படியாவது வெங்கண்ணாவோடு அந்த அவைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அரியணையில் உறக்கம் தாளாமல் அமர்ந்திருக்கும் சிறுவனையும், அவன் பெயரால் பேசும் பெரியவரையும் அவள் பார்த்தால், ஊரில் தன் தம்பிக்குக் காத்திருப்பது என்ன என்று அவளுக்கு அந்தக் கணமே விளங்கிவிடும். வரலாறே இப்படி ஓர் இணையைக் கொடுத்திருக்கும்போது அதைத் தவறவிடலாகாது.

அந்தப்புர அழிவை என்ன செய்வது என்ற சங்கடம் உங்களுக்கு வரும். அதை மறைக்கவும் கூடாது, விரித்துச் சுவைக்கவும் கூடாது. செவிலித்தாய் குழந்தையோடு ஆற்றங்கரை வரை வந்துவிட்ட பிறகு முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கட்டும். அவள் திரும்பிப் பார்க்காமல் நடக்கட்டும். அதைப் பெருமைக்குரிய தியாகமாகப் பாடுகிற குரல் மட்டும் நாவலில் தனித்து ஒலிக்க வேண்டாம். உள்ளே இருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்று ஒரு பாத்திரமாவது சொல்ல வேண்டும். அந்தச் செவிலித்தாய் சொல்லலாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு. அரண்மனை வரலாற்றில் அவள் பெயர் பேசப்படுவதில்லை என்றாலும், அவள் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. நாவலில் அவளுக்கு ஒரு பெயரும் கோபமும் கொடுங்கள்.

காலப்பிழைகளில் இரண்டை மட்டும் எச்சரிக்கிறேன். இன்று தஞ்சை அரண்மனைக்குப் போனால் நாம் பார்க்கிற வண்ணமயமான தர்பார் மண்டபத்தின் தோற்றம் மராத்தியர் காலத்தைச் சேர்ந்தது. அதை அப்படியே விசயராகவரின் அவையாக எழுதிவிடாதீர்கள். மேட்டூர் அணை 1934 ஆம் ஆண்டில்தான் வந்தது; அதற்கு முன் காவிரிக் கிளைகளில் நீர் வருவது மழையைப் பொறுத்தது. தஞ்சையிலிருந்து நாகை வரை செவிலியைப் படகில் அனுப்புவதா, மணலில் நடக்கவிடுவதா என்பதை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாதத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பாய்ந்தோடும் வெள்ளத்தில் வைத்தால் வேகம் கிடைக்கும். வறண்ட ஆற்று மணலில் வைத்தால், ஒளிய இடமில்லாத அச்சம் கிடைக்கும். இரண்டாவதையே நான் விரும்புவேன்.

ஆண்டுக் கணக்கில் உங்களுக்குக் கொஞ்சம் சுதந்திரமும் இருக்கிறது. ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றியதை 1674 முதல் 1676 வரை பலவாறாகக் கணிக்கிறார்கள். தெலுங்கில் எழுதப்பட்ட தஞ்சை அரசர் வரலாறும், அக்காலத்தில் மதுரைப் பகுதியில் இருந்த ஏசு சபைப் பாதிரியார்கள் எழுதிய கடிதங்களும் தேடிப் படிக்கத் தக்கவை.

செங்கமலதாசர் ஓடுகிற இரவோடு நாவலை முடித்துவிடுங்கள். ஏகோஜியின் வழியினர் 1855 ஆம் ஆண்டு வரை தஞ்சையில் இருந்ததெல்லாம் உங்கள் கதைக்குத் தேவையில்லை. ஏகோஜி வருகிறார் என்ற செய்தி உண்மையா, வெங்கண்ணா கிளப்பிய புரளியா என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியும் நிலையை உண்டாக்கி, தம்பியை அரியணையில் இருக்கச் சொல்வதா, ஓடச் சொல்வதா என்ற முடிவை அவளிடம் கொடுங்கள். அவள் ஓடு என்று சொன்னால், வரலாற்றை நீங்கள் ஓர் இம்மியும் மாற்றியவர் ஆகமாட்டீர்கள். பின்னுரையில், எந்தப் பாத்திரங்கள் உண்மையானவை, எவை உங்கள் கற்பனை என்று ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். அந்த வயதில் வரலாற்று நாவலை மூடி வைத்ததும் பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான்.