கல்லீரலைத் தொடாமல் போகும் ரத்தம்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

பிறவியிலேயே கல்லீரல் ரத்தக்குழாய்கள் தவறாக இணைந்திருக்கும் குழந்தைகளின் எதிர்காலம் பற்றி வந்த கேள்விகளுக்கு, குழந்தைகள் கல்லீரல் மருத்துவராக என் பதில்கள்.

கேள்வி: பையனுக்கு 3 மாதம். கல்லீரலுக்குள்ளேயே ஒரு ஷன்ட் இருக்கிறதாம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

பதில்: அவசரம் இல்லைம்மா. குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமாகி, அதன் பிறகுதான் இதயத்துக்குப் போக வேண்டும். ஷன்ட் என்பது கல்லீரலுக்கு வேலை கொடுக்காமல் ரத்தம் ஓடிவிடும் குறுக்கு வழி. உள்ளே இருக்கும் சிறிய ஷன்ட்கள் பல, முதல் ஓரிரு வருடத்தில் தானே மூடிக்கொள்ளும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருங்கள். 2 வயதுக்குப் பிறகும் திறந்திருந்தால், அல்லது அதற்கு முன்பே தொந்தரவு வந்தால், மூடுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: பிறந்ததும் எடுத்த ரத்தப் பரிசோதனையில் காலக்டோஸ் அதிகம். அதைச் சிதைக்கும் நொதி சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

பதில்: விடாதீர்கள். ஒரு டாப்ளர் எடுத்துவிடுங்கள். பாலிலிருந்து வரும் காலக்டோஸ் கல்லீரலைத் தொடாமல் ரத்தத்தில் தங்கிவிடுவதால், இந்த நோய் தரும் முதல் தடயமே சில குழந்தைகளில் இதுதான்.

கேள்வி: மகளுக்கு 7 வயது. ஓடி ஆடுகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். எதற்காக மூட வேண்டும்?

பதில்: நான் அதிகம் பயப்படுவது இப்படி நன்றாக இருக்கும் குழந்தைகளைப் பற்றித்தான். முதல் காரணம் அம்மோனியா, கல்லீரல் சுத்தம் செய்யாததால் மூளை வரை போய்விடும் கழிவு. வகுப்பில் கவனம் சிதறுவது, பகலில் தூங்கி வழிவது எல்லாம் சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்கித் தரும். (அம்மோனியாவுக்கு எடுத்த ரத்தம் ஐஸில் வைத்து உடனே லேபுக்குப் போக வேண்டும். தாமதமானால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.)

அதைவிடப் பெரிய காரணம் நுரையீரல். அங்கே இரண்டு விதமாகப் பாதிப்பு வரலாம். ஒன்றில் நுரையீரலின் நுண்குழாய்கள் விரிந்து ஆக்சிஜன் குறையும். படுத்திருக்கும்போது ஆக்சிமீட்டரில் 97 காட்டும் குழந்தைக்கு எழுந்து நின்றதும் 92 ஆகலாம். ஷன்டை மூடினால் இது பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். மற்றது நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுவது. அது சத்தமில்லாமல் வளரும், மூச்சு வாங்கும்போதோ மயங்கி விழும்போதோதான் வெளியே தெரியும். அந்த நிலைக்கு வந்த பிறகு மூடினாலும் முழுதாகத் திரும்பும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அதனால்தான் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்கிறேன். மூடும்வரை வருடா வருடம் எக்கோ எடுங்கள்.

கேள்வி: ஸ்கேனில் போர்ட்டல் சிரையே இல்லை என்கிறார்கள். மாற்றுக் கல்லீரல்தான் வழியா?

பதில்: 1793-ல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் அபர்னெதி இந்தக் குறையை விவரித்த பிறகு வெகுகாலம், சிரை இல்லை என்றால் இல்லைதான் என்று நம்பினோம். ஆஞ்சியோவில் ஷன்டைப் பலூனால் அடைத்துச் சாயம் செலுத்தினால், பல குழந்தைகளில் நூல் போன்ற சிரைக் கிளைகள் திரையில் தெரிகின்றன. ரத்தம் வராததால் சுருங்கிக் கிடந்தவை அவை! அப்படி அடைக்கும்போது போர்ட்டல் சிரையில் அழுத்தம் அதிகம் ஏறினால் முதலில் ஷன்டைக் குறுக்கிவிட்டு, சிரை வளர்ந்த பிறகு, சில மாதம் கழித்து முழுதாக மூடுவார்கள். பலூன் டெஸ்ட் செய்யாமல் மாற்றுக் கல்லீரலுக்குச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: கல்லீரலில் கட்டிகள் இருக்கின்றன. கேன்சரா?

பதில்: பெரும்பாலும் சாதாரணக் கட்டிகள்தான், ஷன்டை மூடினால் பல சுருங்கும். அபூர்வமாகக் கேன்சரும் வருவதால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், கேன்சர் தடயம் தேடும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் தேவை. வளரும் கட்டி என்றால் பயாப்சி.

கேள்வி: மகனுக்கு 4 வயதில் மூடினார்கள். இப்போது 15. இன்னும் செக்கப் வேண்டுமா?

பதில்: வேண்டும். மூடிய முதல் வாரங்களில் சிரையில் ரத்தம் உறையாமல் பார்ப்பது முக்கியம், அதை அவன் தாண்டிவிட்டான். விளையாட்டு, படிப்பு எதற்கும் தடை இல்லை. வருடம் ஒருமுறை டாப்ளர் போதும், எக்கோ எப்போது என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். சீக்கிரம் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறப்போகிறான். ஆஞ்சியோ படங்களின் நகலும், எந்த ஷன்ட், எந்தத் தேதியில், எப்படி மூடப்பட்டது என்ற ஒரு பக்கக் குறிப்பும் அவன் கையிலேயே இருக்கட்டும்.