பதில்: திங்கட்கிழமை அறிக்கை வரவில்லை, சனிக்கிழமை வருகிறது

வணக்கம் சகோ. காலை 7 மணி விற்பனை அறிக்கை மாலை 3-க்கு வந்ததால் நேரத்தை 23 ஆக்கினீர்கள், இப்போது திங்கள் காணோம், சனிக்கிழமை பூட்டிய கடைக்கு வருகிறது என்கிறீர்கள். கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் சர்வர் நிரல்) சரியாகத்தான் ஓடுகிறது. உங்கள் சர்வர் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் இருக்கிறது, மலேசியாவில் நாம் 8 மணி நேரம் முன்னால். பினாங்கில் திங்கள் காலை 7 என்றால் அங்கே இன்னும் ஞாயிறு இரவு 23. மணியை மாற்றிய நீங்கள் கிழமையை மாற்றவில்லை. கிரான் வரியில் முதல் எண் நிமிடம், அடுத்தது மணி, கடைசி கிழமை (0 என்றால் ஞாயிறு). 1-5 (திங்கள்-வெள்ளி) என்பதை 0-4 (ஞாயிறு-வியாழன்) ஆக்குங்கள்: 0 23 * * 0-4. இன்றே சரியாகிவிடும்.

ஆனால் நானாக இருந்தால் இப்படி விடமாட்டேன். ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் பார்த்தால் நமக்கே தலை சுற்றும். சர்வர் உங்களுடையது மட்டும்தான் என்றால் அதன் நேர மண்டலத்தையே ஏஷியா/கோலாலம்பூர் ஆக்கிவிட்டு, பழைய 0 7 * * 1-5 வரியைத் திரும்பப் போடுங்கள். மாற்றியதும் கிரான் சேவையை ரீஸ்டார்ட் செய்ய மறக்காதீர்கள். நான் மறந்து ஒரு நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

1982 முதல் நம் கடிகாரம் இதே 8 மணி நேரம்தான், கோடை நேரத் தொல்லையும் இல்லை.