மலம் கேட்டுப் போகிறவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்கக் குடல் நுண்ணுயிர்கள் பற்றிய குறிப்பில் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தை ஏகத்துக்கும் புகழ்ந்திருந்தீர்கள். நான் நுண்ணுயிரியல் முதுகலை மாணவன். மல மாதிரி ஆப்பிரிக்காவுடையது, பணம் அமெரிக்காவுடையது. ‘பல்துறைக் கூட்டு’ என்பது இதற்குப் போர்த்திய பொன்னாடைதானே? இன்னொன்று: இந்தத் துறைக்கு வரக் கணினி படித்தால் போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சந்தேகம் நியாயம்தான். வந்து மாதிரிகளை அள்ளிக்கொண்டு போய், கட்டுரையில் உள்ளூர்க்காரர் பெயரை நடுவில் எங்காவது செருகிவிடும் வழக்கத்துக்கு ‘பாராசூட் ஆய்வு’ என்றே பெயர் உண்டு. நாம் பேசும், விட்ஸ் பங்கெடுத்த குடல் நுண்ணுயிர் ஆய்வு 2025 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்தது. புர்கினா ஃபாசோ, கானா, கென்யா, தென்னாப்பிரிக்கா என நான்கு நாடுகளில் 1,801 பெண்கள் மல மாதிரி தந்தார்கள். அதற்கு அடித்தளமான, ஆப்பிரிக்கர்களின் மரபணுவையும் உடல்நலத்தையும் ஆராயும் அவி-ஜென் கூட்டமைப்பு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பணத்தில் எழுந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் மாதிரி எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். மாதிரி எடுத்த இடங்களில் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் கிராமப்புறமான புஷ்பக்ரிட்ஜ் பகுதியின் அகின்கோர்ட். விட்ஸின் பொது சுகாதார ஆட்கள் 1992 முதல் அங்கே வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். யார் பிறந்தார், யார் இறந்தார், யார் வேலை தேடி ஊரைவிட்டுப் போனார் என்று. களப்பணியாளர்கள் உள்ளூர்க்காரர்கள், ஊர்மொழியான ட்சோங்காவில் பேசுகிறவர்கள். நுண்ணுயிர் ஆராய்ச்சி அங்கே போய்ச் சேர்ந்தது பல வருடம் கழித்துத்தான்.

இது ஏன் பெரிய விஷயம்? சில வருடங்களுக்கு முன் அப்பாவின் மலப் பரிசோதனைக்காக, சின்ன டப்பாவைக் கறுப்புப் பையில் சுற்றி, அதைத் துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். லேப் கவுண்டரில் இருந்த பெண் டப்பாவைத் தூக்கிப் பார்த்து, “பேர் எழுதலையே சார்” என்றார் உரக்க. வரிசையே திரும்பிப் பார்த்தது. நாங்களாவது டாக்டர் சொல்லிக் கொடுத்தோம். உடம்புக்கு ஒன்றுமில்லாத ஒரு பெண்மணியின் வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்கவேண்டும் என்றால்? கேட்பவர் அந்த வீட்டுக்குப் பல வருடமாக வந்துபோகிறவராக இருக்கவேண்டும்.

அப்புறம் பல்துறை. இதில் முக்கியப் பங்குள்ள விட்ஸின் ஸ்காட் ஹேசல்ஹர்ஸ்ட் மின்பொறியியல் துறைப் பேராசிரியர். ஸ்டான்ஃபோர்டின் அமி பட் ரத்தநோய் மருத்துவர். இவர்கள் எல்லாம் எதற்கு என்றால், ட்ரெபோனீமா சக்சினிஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிபிலிஸ் கிருமிக்குப் பங்காளிதான், ஆனால் அந்த வம்பு இதற்குக் கிடையாது. கிராமத்துக் குடல்களில் இருக்கிறது, நகரத்துக்கு வந்தால் காணாமல் போகிறது. சாப்பாடு மாறியதால் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இவர்கள், ஆன்டிபயாடிக்குகளுக்கு இது எளிதில் பலியாவதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த ஊகத்துக்கு வர மரபணு படிக்கிறவர், மருந்து தெரிந்தவர், எந்தக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்று அறிந்தவர் மூவரும் வேண்டும். இதே ஆய்வில் 1,005 புதிய பாக்டீரியா மரபணுத் தொகுதிகளும் கிடைத்தன. இதுவரை பட்டியல் போட்டதெல்லாம் பெரும்பாலும் மேற்கத்தியக் குடல்களைப் பார்த்துத்தானே.

என் குறை வேறு. அவி-ஜென்னுக்குத் தாயான, ஆப்பிரிக்காவில் மரபணு ஆராய்ச்சியை வளர்க்க வந்த எச்3ஆப்பிரிக்கா திட்டம் 2022இல் முடிந்துவிட்டது. திட்டம் முடியும், மாதிரிகளை வைத்திருக்கும் மைனஸ் 80 டிகிரி ஃபிரீஸர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அதுவும் முறைவைத்து மணிக்கணக்கில் கரண்டை நிறுத்திய தென்னாப்பிரிக்காவில். களப்பணியாளருக்கும் தரவு பார்ப்பவருக்கும் பல்கலைக்கழகமே நிரந்தரச் சம்பளம் தராதவரை, நீங்கள் சொன்ன ஏற்றத்தாழ்வு போகாது. கட்டுரையில் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பதைவிட எனக்கு இதுதான் கவலை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. கணினி படியுங்கள், கட்டாயம் வேண்டும். அதற்கு முன் ஒரு விடுமுறையில் மாதிரி சேகரிக்கப் போகிறவர்களோடு ஒரு மாதம் நடந்துவிட்டு வாருங்கள். டப்பாவில் பேர் எழுத மறக்காதீர்கள்.