கணினியால் மருத்துவக் கல்விக்கும், சாதாரண மக்கள் மருத்துவத் தகவல் அறிந்துகொள்வதற்கும் உண்மையில் என்ன பயன்? உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் வெகுகாலமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் மாணவர்களும் பேராசிரியர்களும் நோயாளிகளின் உறவினர்களும் தகவல் தேடி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து தேடித் தருவதுதான் என் அன்றாட வேலை. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கணினி என்றதும் 3டி படங்களும் பொம்மை நோயாளிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால் முதலிடம் தேடலுக்குத்தான்.

1879-ல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்ற அட்டவணையைத் தொடங்கினார். உலகின் மருத்துவ இதழ்களில் எந்தக் கட்டுரை எங்கே வந்தது என்று தலைப்பு வாரியாகச் சொல்லும் தொகுப்பு. ஒரு எம்.டி. மாணவர் தீசிஸுக்கு முந்தைய ஆய்வுகளைப் பார்க்க வேண்டுமென்றால் தடித்தடியான அந்த வால்யூம்களை வருடம் வருடமாகப் புரட்ட வேண்டும். கட்டுரையின் பெயர், இதழ், பக்க எண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த இதழ் நம் கல்லூரியில் இல்லையென்றால் வேறு ஊர் நூலகத்துக்குக் கடிதம் போட்டு ஜெராக்ஸ் வரவழைக்க வேண்டும். எங்கள் சீனியர் நூலகர்கள் இதைச் சொல்லும்போதே களைத்துப் போவார்கள்.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1964-ல் இந்த அட்டவணையைக் கணினியில் ஏற்றியது. 1971-ல் 'மெட்லைன்' என்ற பெயரில் தொலைபேசி இணைப்பு வழியாகத் தேடும் வசதி வந்தது. 1997 ஜூனில் அதையே 'பப்மெட்' என்று இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அச்சு அட்டவணை 2004-ஓடு நின்றுபோனது. இன்று பப்மெட்டில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் பேராசிரியர் பார்க்கும் அதே பட்டியலை, அதே நாளில், ராமநாதபுரத்தில் படிக்கும் முதலாண்டு மாணவியும் பார்க்கலாம். ஒரு ரூபாய் செலவில்லை.

இதன் உள்ளே நடப்பதையும் சொல்ல வேண்டும். தேடல் கட்டத்தில் 'ஹார்ட் அட்டாக்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். மேம்பட்ட தேடல் பக்கத்துக்குப் போய் விவரத்தைத் திறந்தால், பப்மெட் அதைத் தானாகவே 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற மருத்துவப் பெயரிலான தலைப்புக்கும் சேர்த்துத் தேடியிருப்பது தெரியும். 'மெஷ்' என்ற தலைப்புச் சொல் பட்டியல்தான் இதைச் செய்கிறது. 1960-ல் தொடங்கிய அந்தப் பட்டியலில் இன்று 30,000-க்கும் மேற்பட்ட தலைப்புகள் மரக்கிளை போல அடுக்கப்பட்டிருக்கின்றன. புற்றுநோய் என்ற பெருந்தலைப்பில் தேடினால் அதன் கிளைகளான மார்பகப் புற்றுநோயும் ரத்தப் புற்றுநோயும் சேர்ந்தே வரும். பல பத்தாண்டுகளாக ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையையும் படித்து இந்தத் தலைப்புகளைப் போட்டுவந்தார்கள். 2022 முதல் அந்த வேலையைப் பெரும்பாலும் மென்பொருளே செய்கிறது, சரிபார்க்க மட்டும் மனிதர்கள் இருக்கிறார்கள். பி.ஜி. மாணவர்களுக்கு நான் முதல் வாரமே இதைக் கற்றுக்கொடுத்துவிடுவேன். மெஷ் தெரிந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் கிடைப்பது, கூகுளில் மட்டும் தேடுபவருக்கு அரை நாளானாலும் முழுதாகக் கிடைக்காது.

தகவல் சிதறிக் கிடந்தால் உயிர் போகும் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் செம்மறி ஆடுகளை வைத்துப் பிரசவம் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு மருந்து கொடுத்தபோது குறைமாதத்தில் பிறந்த குட்டிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக மூச்சுவிட்டதைக் கவனித்தார். நுரையீரல் சீக்கிரம் முதிர்ந்திருந்தது. ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து கர்ப்பிணிகளிடம் சோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டார். குறைப்பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஊசி போட்டால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் குறைகிறது, இறப்பும் குறைகிறது. அடுத்த ஆண்டுகளில் வேறு சில இடங்களிலும் இதே சோதனை நடந்தது. ஆனால் பல சோதனைகள் சின்னவை, தனியாகப் பார்த்தால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாதவை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த ஆய்வு வர 1989 ஆனது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான பிரசவ மருத்துவர்களுக்கு இது இவ்வளவு பயனுள்ளது என்றே தெரியாது. அந்த ஊசி கிடைக்காமல் இறந்த பச்சிளங்குழந்தைகள் எத்தனையோ ஆயிரம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது, ஏனென்றால் விடை ஏற்கெனவே அச்சாகி நூலக அலமாரிகளில் இருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் இயன் சால்மர்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவர் குழுவும் பிரசவம் தொடர்பான சோதனைகளை எல்லாம் கையால் தேடித் திரட்டி ஒரு மின் தரவுத்தளமாக வெளியிட்டார்கள். புதுச் சோதனை வர வர அதில் சேர்த்துத் திருத்தலாம். அச்சுப் புத்தகத்தில் முடியாத காரியம் இது. அந்த முயற்சிதான் வளர்ந்து 1993-ல் 'காக்ரேன்' அமைப்பாக உருவெடுத்தது. அதன் சின்னத்தில் தெரியும் சிறுசிறு கிடைக்கோடுகள் ஒவ்வொன்றும் இந்த ஸ்டீராய்டு சோதனைகளில் ஒன்று. கீழே உள்ள சாய்சதுரம் அவற்றின் மொத்த முடிவு. வகுப்பில் இந்தச் சின்னத்தைத் திரையில் போட்டு விளக்கினால் போதும், மாணவர்கள் அதன்பிறகு ஒற்றை ஆய்வை மட்டும் நம்பி வாதாட மாட்டார்கள்.

இனி வகுப்பறைக் கருவிகள். 1994-ல் வெளியான 'விசிபிள் ஹ்யூமன்' திட்டம் இதில் முக்கியமானது. உடலைத் தானமாக எழுதிக்கொடுத்திருந்த ஒரு மரண தண்டனைக் கைதியின் உடலை உறையவைத்து, தலை முதல் கால் வரை ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சீவிச் சீவிப் படமெடுத்தார்கள். மொத்தம் 1,871 குறுக்குவெட்டுகள். அடுத்த ஆண்டு ஒரு பெண்ணின் உடலை இன்னும் மெல்லிய அடுக்குகளாகப் பதிவு செய்தார்கள். சி.டி. ஸ்கேனில் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது நிஜ உடலில் எது என்று பொருத்திப் பார்க்க மாணவர்களுக்கு இது அருமையான வழி. அதற்காக நிஜ உடலை அறுத்துப் படிக்கும் மேசை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தசையின் இறுக்கம் கைக்குத்தான் தெரியும். ஸ்கில் லேப் என்ற செய்முறைப் பயிற்சி அறையில் உள்ள மனிகின் பொம்மைகளும் பயனுள்ளவைதான். நிஜ நோயாளிக்கு ஊசி குத்துவதற்கு முன் தப்பும் தவறுமாகப் பழக ஓர் இடம் கிடைக்கிறது, அது நோயாளிக்கும் நல்லது.

பொதுமக்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தன் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார். 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று போட்டிருந்தது. "மேடம், ஈரல் கெட்டுப்போச்சுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. வாட்ஸ்அப்ல ஏதோ கஷாயம் வேற அனுப்பியிருக்காங்க. குடிக்கலாமா?" என்று கேட்டார். முகமெல்லாம் பயம். அதே அமெரிக்க நூலகம் 1998 முதல் பொதுமக்களுக்காக நடத்தும் 'மெட்லைன்பிளஸ்' பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஈரலில் கொழுப்பு சேர்வது பலருக்கும் இருப்பது, பெரும்பாலும் வலியோ தொந்தரவோ இராது, எடை குறைத்தால் குறையும், சில மூலிகைகளே ஈரலைப் பாதிக்கலாம். பிறகு டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன்: எனக்குச் சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டுமா? எவ்வளவு எடை குறைக்க வேண்டும்? மறுபடி எப்போது ஸ்கேன்? அவர் அந்தத் தாளைக் காட்டித் தைரியமாகப் பேசிவிட்டு வந்தார். நோயாளி ஒருவர் டாக்டர் முன் வாய்திறந்து கேட்க உதவுகிற தகவல்தான் பயனுள்ள தகவல்.

ஆனால் இதில் நான் நடுவில் இருந்தேன். அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் நம்பகமான பக்கங்கள் மிகக் குறைவு, போலி மருத்துவ வீடியோக்களோ கணக்கில்லை. காக்ரேன் தன் ஆய்வுச் சுருக்கங்களில் ஒரு பகுதியைத் தமிழிலும் தருகிறது. பலருக்குத் தெரியாத நல்ல காரியம் அது. தமிழ் நன்றாக எழுதும் மருத்துவர்கள் இந்தப் பக்கம் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்று ஏங்குகிறேன்.

காசு இன்னொரு தடை. பப்மெட்டில் சுருக்கம் இலவசம், முழுக் கட்டுரைக்குப் பெரும்பாலும் பணம் கேட்பார்கள். மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியபின் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரி மாணவர்களும் வெளியில் இருக்கும் மருத்துவர்களும் இதில் வரவில்லை.

கடைசியாக, இப்போது எல்லோரும் கேட்கிற ஏ.ஐ. சாட்பாட். விளக்கம் கேட்கப் பயன்படுத்துங்கள், ஆனால் அது தரும் ஆதாரக் கட்டுரையின் தலைப்பை அப்படியே பப்மெட்டில் போட்டுப் பாருங்கள். இல்லாத கட்டுரைகளை அது தந்து மாணவர்கள் என்னிடம் தேடி வருவது வாடிக்கையாகிவிட்டது. கட்டுரை இருந்து, பணம் கேட்டால், இடதுபக்கம் 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' என்ற கட்டத்தை டிக் செய்து இலவசமாக வேறு ஏதும் கிடைக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கட்டுரையாளரின் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். நாலு வரி பணிவாக எழுதுங்கள், நிறைய பேர் சந்தோஷமாக அனுப்பி வைப்பார்கள்.