நாய்களுக்கான ரேபிஸ் ஊசியை இந்த ஆண்டு தள்ளிப்போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். இரண்டும் வாசலைத் தாண்டுவதே அபூர்வம். சில மாதங்களாக வருமானம் குறைந்துவிட்டதால் ஒவ்வொரு செலவையும் எழுதிப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வருகிறேன். இரண்டுக்கும் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டிய மாதம் இது. வெளியே போகாத நாய்க்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவுதானே? ஏதாவது ஆனால் அப்போது செலவழித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அடிக்கடி ஊசி போட்டால் நாயின் உடம்புக்கு ஆகாது என்றும் சொல்கிறார்கள். இந்த ஒரு செலவைத் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பட்டியலில் கை வைக்கக்கூடாத வரி இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

"ஏதாவது ஆனால் அப்போது செலவழித்துக்கொள்ளலாம்" என்பது நல்ல கணக்குத்தான். நாயின் பல்லுக்கும் தோல் அரிப்புக்கும் பொருந்தும். செலவு எப்போது வருமோ தெரியாது, வந்தால் சமாளித்துவிடலாம் என்ற இடங்களில் நானே அந்த வழியைத்தான் சொல்கிறேன். ரேபிஸில் அந்த "அப்போது" கிடையாது. அறிகுறி தெரிந்துவிட்டால் நாய்க்குச் சிகிச்சை இல்லை. மனிதருக்கும் ஏறத்தாழ அப்படியே. அறிகுறி வந்த பிறகு பிழைத்தவர்கள் மிக அரிது. எவ்வளவு சேமித்து வைத்திருந்தாலும் அந்தக் கட்டத்தில் அந்தப் பணத்தால் வாங்கக்கூடியது எதுவும் இல்லை. வாய்ப்பு எவ்வளவு, இழப்பு எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கும் முறை, தாங்கக்கூடிய இழப்புக்கு மட்டுமே உதவும்.

வாய்ப்பு குறைவு என்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வீட்டு நாய் வெளியே போகாவிட்டாலும் வெளியிலிருந்து வருபவை உண்டு: திறந்த கதவு வழியே நுழையும் இன்னொரு நாய், மதிலேறி வரும் பூனை, சில நாடுகளில் வௌவால். கடித்த இடம் ரோமத்துக்குள் மறைந்துபோகும். நோய் வெளிப்படப் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ ஆகும் என்பதால், தெரியவரும்போது என்றைக்குக் கடித்தது என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

இப்போது பணக் கணக்குக்கே வருகிறேன், நீங்கள் கேட்டதும் அதுதானே. ரேபிஸ் பிடித்த நாயின் எச்சிலில் அறிகுறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே வைரஸ் இருக்கும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வது இதனால்தான். அந்த நாட்களில் அந்த நாய் யாரைக் கடித்திருந்தாலும், பிராண்டியிருந்தாலும், யாருடைய காயத்தின் மேல் நக்கியிருந்தாலும் அவர்கள் எல்லோருக்கும் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, குறித்த நாட்களில் பல தவணை ஊசி. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். அதன் அளவு உடல் எடையைப் பொறுத்தது. முழுச் சிகிச்சையிலும் விலை அதிகமானதும் பெரும்பாலும் அதுதான். ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்கும் இதைப் பெருக்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு அலையும் நாட்களின் சம்பள இழப்பையும் சேருங்கள். இரண்டு நாய்களின் ஊசிச் செலவு இதன் பக்கத்தில்கூட வராது.

இன்னொன்று, பலர் யோசிப்பதில்லை. சந்தேகத்துக்குரிய விலங்கு உங்கள் நாயைக் கடித்துவிட்டது என்று வையுங்கள். தடுப்பூசி தவறாமல் போட்ட நாய் என்றால் பொதுவாக உடனே ஒரு பூஸ்டர் ஊசி, பிறகு சில வாரங்கள் கண்காணிப்பு. போடாத நாய் என்றால் பல நாடுகளில் மாதக் கணக்கில் தனிமைப்படுத்த வேண்டும், இல்லையேல் கருணைக்கொலை. உங்கள் நாய் பிறரைக் கடித்து விவகாரமாகும்போதும் முதலில் கேட்பது ஊசிச் சான்றிதழைத்தான். பல இடங்களில் இந்த ஊசி சட்டப்படி கட்டாயம். தவறினால் அபராதமும் சேரும்.

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் வழியாகத்தான். இறப்பவர்களில் சுமார் 40 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். ஒரு பகுதியின் நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் பரவல் அறுந்துவிடும். உங்கள் இரண்டு நாய்களும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருப்பதால், இதை உங்கள் சொந்தச் செலவாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

உடம்புக்கு ஆகுமா என்ற கேள்வி நியாயமானது. ஊசி போட்ட இடத்தில் வீக்கம், ஓரிரு நாள் சோர்வு, லேசான காய்ச்சல் வரலாம். கடுமையான ஒவ்வாமை அரிது. முன்பு வந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடிக்கடி போடுவதுதான் உறுத்தல் என்றால், மூன்றாண்டு பாதுகாப்புக்கு அனுமதி பெற்ற ஊசி உங்கள் நாட்டுச் சட்டப்படி செல்லுமா என்று அவரிடமே கேளுங்கள். செல்லும் என்றால் செலவும் குறையும்.

எங்கே குறைக்கலாம்? முடி வெட்டுவதையும் குளிப்பாட்டுவதையும் வீட்டிலேயே செய்யுங்கள். விளையாட்டுப் பொருள், தின்பண்டம், சந்தா, எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். மற்றத் தடுப்பூசிகளில் எது அவசியம், எது உங்கள் நாய்களின் வாழ்க்கைமுறைக்குத் தேவையில்லை என்று மருத்துவரிடம் பட்டியல் போட்டு வாங்குங்கள். ரேபிஸ் ஊசிக்கு உள்ளாட்சி அமைப்புகளும் விலங்கு நல அமைப்புகளும் இலவசமாகவோ சலுகையிலோ முகாம் நடத்துவதுண்டு. முதலில் அதை விசாரியுங்கள். முகாம் தள்ளிப்போகும் என்றால் அதற்காகத் தேதியைத் தள்ளாதீர்கள்.

இந்த மாதமே போட்டுவிட்டு, சான்றிதழில் ஊசியின் பெயர், தொகுதி எண், அடுத்த தவணைத் தேதி மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்த தவணை ஓராண்டில் என்றால் அந்தச் செலவைப் பன்னிரண்டாக வகுத்து, மாதம் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள்.